வெறுங்கை

உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரைக் கழுவும் அந்தக் குழுவில் எவருக்கும் பெற்றோர் இட்ட பெயர் நிலைத்ததில்லை. கயிறு பிடிப்பவரை நங்கூரம் என்று அழைத்தார்கள். மொட்டைமாடியில் ஒருமுறை காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டால், கீழே தொங்குகிறவன் தரையில் கால் வைக்கும் வரையில் அவரை எதுவும் அசைக்காது என்பதனால் வந்த பெயர் அது. பெயருக்கேற்ப ஆளும் கனம், பேச்சும் கனம். ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொற்களைச் செலவழிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

அன்று காலையும் அவர்தான் முதலில் மேலே வந்தார். தளத்தில் பதித்திருந்த இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பார்த்தார். கயிற்றை முழுவதும் விரலிடையே ஓட்டி, எங்கேனும் பிசிர் தட்டுப்படுகிறதா என்று தேடினார். முந்தைய நாள் மாலையில் தாமே போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டார்.

வேலை எளிமையானது, பிசகினால் திருத்த முடியாதது. இறங்குகிறவன் ஒரு பலகையில் உட்கார்ந்து, பெரிய கயிற்றில் தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு கண்ணாடிகளைத் துடைத்துப் போவான். அவனுடைய இடுப்புப் பட்டையில் இன்னொரு கயிறு மாட்டியிருக்கும். அது காவல் கயிறு. அதன் மறுமுனை மேலே இருப்பவரின் பிரேக் வழியாக ஓடும். அவன் இறங்க இறங்க இவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய கயிறு என்றைக்காவது ஏமாற்றிவிட்டால், தொங்குகிறவனுக்கு மிச்சமிருப்பது மேலே இருப்பவரின் கவனம் ஒன்றுதான்.

தோளில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே நடைபாதையில் கூம்புகளை வைத்து, போகிறவர் வருகிறவரை விலக்கிவிடும் பெண்ணின் குரல். வாய் ஓயாதவள் என்பதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணே, மேல காத்து எப்படி?"

"இருக்கு."

"இருக்குன்னா என்ன அர்த்தம்? ஒரு வார்த்தை கூடப் பேசினா வரியா போட்டுடுவாங்க?"

"வேலை செய்யற அளவு காத்துதான். விஷயத்தைச் சொல்லு."

"நம்ம ஒல்லி இன்னைக்கு வரலை. குளியலறையில வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிடுச்சாம். இருக்கிற மாடியிலெல்லாம் தொங்கிட்டு, போயும் போயும் வீட்டுக் குளியலறையில விழுந்திருக்கான்."

"அப்ப இறங்கறது யாரு?"

ரேடியோ தயங்கி அவர் கேட்டதில்லை. இப்போது தயங்கினாள்.

"மானேஜர் ரெண்டாவது குழுவிலேருந்து ஆள் அனுப்பியிருக்காரு. லிஃப்ட்ல ஏறியாச்சு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்ணே. சொன்னா கயித்தை அவுத்துச் சுருட்டிக்கிட்டு நீங்க படியில இறங்கிடுவீங்க."

அவள் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டாவது குழுவில் இந்த உயரத்துக்கு இறங்கக்கூடியவன் பல்லி ஒருவன்தான். சுவரில் ஒட்டிக்கொண்டால் விழ மாட்டான் என்று அந்தப் பெயரை அவனுக்கு வைத்ததே நங்கூரம்தான். பல்லி அவருடைய தங்கையின் கணவன். இரண்டு ஆண்டுகளாக இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. தங்கையும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவனின் உயிரை இவருடைய கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, மானேஜர் எங்கோ நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

நங்கூரம் போட்ட முடிச்சை இன்னொரு முறை அவிழ்த்தார்.

இந்தப் பிணக்கு புரிய வேண்டுமானால் குழுவின் பழைய வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இறங்குகிறவன் கைப்பிடிச் சுவரில் ஏறுவதற்கு முன்னர், அவனும் கயிறு பிடிப்பவரும் வலக்கைக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்துக்கொள்வார்கள். இறங்குகிறவன் "போயிட்டு வரேன்" என்பான். மேலே இருப்பவர் "இருக்கேன்" என்பார். அதன் பிறகே கால் சுவரைத் தாண்டும். யார் தொடங்கிவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதிர்ஷ்டத்துக்கு என்று சிலர் நினைத்தார்கள். அன்புக்கு என்று சிலர் நினைத்தார்கள். நங்கூரத்துக்கு அதன் பயன் தெரியும். வெறுங்கை பொய் சொல்லாது. காய்ச்சலோடு வந்தவனின் கை சுடும். முந்தைய இரவு குடித்தவனின் கை வியர்க்கும். வீட்டில் சண்டை போட்டு வந்தவனின் கை தேவைக்கு மேல் இறுக்கும். பிடித்த கையில் ஏதேனும் சரியில்லை என்று பட்டால், மேலே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்லாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். அன்று அவன் இறங்க முடியாது. காரணம் கேட்கக் கூடாது; சொல்லவும் வேண்டியதில்லை. உன் உயிருக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் என்பது அதன் பொருள்.

பல்லியின் கையை அவர் பல ஆண்டுகள் அப்படிப் பிடித்திருக்கிறார். உலர்ந்த, இளஞ்சூடான, அளவாக அழுத்துகிற கை. தங்கைக்கு அவனைப் பேசியபோது உறவினர்கள் குடும்பத்தைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார்கள். நங்கூரம் ஒரே பதில்தான் சொன்னார்: "அந்தக் கையை எனக்குத் தெரியும்." அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பிறகு தொற்றுக்காலம் வந்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் தொடுவதற்கு அஞ்சினார்கள். குழுவில் முதலில் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தொழுவத்தில் இடம் போதாத மாடுகளைப் போல இருக்கிறது என்று ரேடியோ சிரித்தாள். அடுத்துக் காலணி நுனியால் தட்டிக்கொண்டார்கள். அதன் பின் மடக்கிய கைமுட்டியோடு கைமுட்டி. கடைசியில் கையுறையைக் கழற்றாமல், தள்ளி நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும் என்று விதியே வந்துவிட்டது. தொற்று ஓய்ந்த பிறகும் விதி ஓயவில்லை.

அந்தத் தொற்றிலேதான் நங்கூரத்தின் தந்தை இறந்தார். உடலை மருத்துவமனையின் பின்வாசலில் ஒப்படைத்தார்கள். நான்கைந்து பேருக்கு மேல் அனுமதியில்லை. முந்தைய வாரம் முதியவருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனவன் பல்லி. அப்போதே அவன் இருமிக்கொண்டிருந்தான் என்பது நங்கூரத்துக்குத் தெரியும். பின்வாசலில் அவன் தங்கையோடு நின்றுகொண்டிருந்தான். நங்கூரம் வந்ததும், மருத்துவமனையில் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கையுறையை உரித்துவிட்டு வலக்கையை நீட்டினான். "இருக்கேன், மச்சான்" என்றான். வழக்கமாகத் தனக்குச் சொல்லப்படும் சொல்லை அன்று அவன் இவருக்குச் சொன்னான்.

நங்கூரத்தின் கை பாதி எழுந்தது. எழுந்த கை நின்றது. பின் முதுகுப்பக்கம் போய் மறைந்துகொண்டது.

வேறு எவராக இருந்தாலும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதங்களில் பெற்ற பிள்ளையின் கையையே தொடாதவர்கள் உண்டு. ஆனால் பல்லிக்கு அந்தச் செய்கையின் பொருள் ஒன்றுதான். கழற்றிய கையுறையை அவன் விரல் விரலாக மறுபடியும் மாட்டிக்கொண்டதை நங்கூரம் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். அடுத்த மாதமே அவன் குழு மாறிப்போனான்.

மாடிக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் பாதுகாப்பு அதிகாரி, குழுவினருக்குச் சேஃப்டி மேடம்; வயதில் இளையவர், கண்டிப்பில் மூத்தவர். கட்டைவிரல் விதியை எழுதியவரும் அவரே. பின்னால் தோளில் பலகையோடு பல்லி வந்தான். மெலிந்திருந்தான். ஹெல்மெட்டும் பட்டையும் லிஃப்டிலேயே மாட்டியாகிவிட்டது, கையுறையும்கூட.

"ரெண்டு பேருக்கும் அறிமுகம் தேவையில்லைன்னு நினைக்கிறேன்" என்றார் மேடம்.

"தேவையில்லை மேடம்" என்றான் பல்லி. "சாரை எனக்கு நல்லாத் தெரியும்."

சார் என்ற சொல் நங்கூரத்தின் காதில் சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு அவர் கயிற்றைத்தான் பார்த்தார்.

மேடம் பட்டையின் கொக்கிகளைச் சோதித்தபடியே பல்லியிடம் சொன்னார்: "போன வாரம் அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கிற வைப்பரைத் தவறவிட்டிருக்கீங்க. கயித்துல கட்டியிருந்ததால யார் தலையிலயும் விழலை. காத்துன்னு சொன்னீங்க, சரின்னு எடுத்துக்கிட்டேன். இன்னொரு தடவைன்னா உங்களைத் தரை வேலைக்கு அனுப்பிடணும்னு மானேஜர் சொல்றாரு. இன்னைக்கு ஒழுங்கா முடிச்சிடுங்க."

"முடிச்சிடுவேன் மேடம்."

"கையுறை மாட்டியாச்சா? சரி. கட்டைவிரல் காட்டிட்டு இறங்கலாம்."

"இதுல ஒரு வசதி மேடம்" என்றான் பல்லி, கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே. "மனசுல என்ன இருந்தாலும் கட்டைவிரல் மேலதான் நிக்கும்."

மேடத்துக்கு இதன் உள்ளர்த்தம் தெரியாது. பேச்சை இலகுவாக்கலாம் என்று எண்ணி, பயிற்சி வகுப்பில் சொல்வதைச் சொன்னார்.

"நீங்க முன்னாடி கை கொடுத்துக்கிட்டு இருந்தீங்களாமே. அந்த வழக்கத்துக்கு ஒரு கதை சொல்வாங்க. பழைய காலத்துல ஆயுதம் பிடிக்கிறது வலக்கையிலதானே. கத்தி எதுவும் இல்லைன்னு காட்டறதுக்காக அந்தக் கையை வெறுமையா நீட்டினாங்களாம். சட்டைக் கையில எதையாவது செருகி வெச்சிருந்தா கீழ விழட்டும்னு குலுக்கினாங்கன்னும் சொல்றாங்க. எவ்வளவு தூரம் நிஜம்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"கத்தி எதுக்கு மேடம்" என்றான் பல்லி. "கயிறு கையில இருந்தா போதுமே."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நங்கூரத்தின் தாடை இறுகியது. அவன் சொன்னதில் கோபப்பட இடமில்லை என்பதுதான் அவரை வாட்டியது. இந்த மாடியில் ஆயுதம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். தம் கை வெறுங்கை என்று காட்ட வேண்டியவரும் அவர்தான்.

பல்லி பெரிய கயிற்றில் பலகையை மாட்டினான். காவல் கயிற்றின் கொக்கியை இடுப்பில் பூட்டினான். பூட்டும்போது இடக்கையால் பூட்டினான். நங்கூரம் அதைக் கவனித்தார். என்றாலும் கோபத்தில் இருப்பவன் எதையும் தாறுமாறாகத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார். அவன் சுவரருகே போய்த் திரும்பி நின்று, தடித்த கையுறைக்குள்ளிருந்த கட்டைவிரலை உயர்த்தினான்.

இப்போது நங்கூரம் தம் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அவன் இறங்கிவிடுவான். மாலையில் தரையில் கால் வைப்பான்; ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்குப் போவான்; தங்கையிடம், உன் அண்ணன் எனக்குக் கட்டைவிரல் காட்டினார் என்பான். அல்லது அதையும் சொல்ல மாட்டான். எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அந்த ஒழுங்கை நங்கூரத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தத் தடித்த விரல் அவருக்கு எதையும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது சூடா, ஈரமா, உறுதியா என்று தெரியாமல் ஓர் உயிரை விளிம்புக்கு அப்பால் அனுப்புவது எப்படி?

"இரு" என்றார்.

"என்ன சார், பிடிக்க மனசு வரலையா?"

"கையுறையைக் கழட்டு."

"விதி அப்படி இல்லையே சார்."

நங்கூரம் தம்முடைய வலக்கைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். இரண்டு எட்டு வைத்துப் போய்க் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பல்லி அதைப் பார்த்தானே தவிரத் தொடவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நங்கூரம் எண்ணினார். ஆனாலும் கையை இறக்கவில்லை. இந்த முறை அதை இறக்குவதாக அவருக்கு உத்தேசமில்லை. தோள் வலித்தாலும் சரி.

"அவர் கேக்கறாரே, கொடுத்துடுங்களேன்" என்றார் மேடம். "எனக்கு ஆட்சேபணை இல்லை. விதி எழுதினப்ப தொற்று இருந்தது."

பல்லியின் முகத்தில் கோபத்தைத் தேடினார் நங்கூரம். அங்கே இருந்தது கோபம் அன்று, அச்சம். பள்ளிப் பிள்ளை தப்பாக எழுதிய சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பதைப் போல அவன் வலக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து, இடக்கையால் வலக்கைக் கையுறையை இழுத்து உருவினான். கையைக் கொடுத்தான்.

அது அவருக்குத் தெரிந்த கை அன்று. குளிர்ந்திருந்தது. விரல்கள் மடங்கின, ஆனால் மடங்கிய பிறகு அழுத்தவில்லை. கடைசி இரண்டு விரல்களும் எவருடையவையோ போல அவர் உள்ளங்கையில் கிடந்தன. வைப்பர் ஏன் விழுந்தது, கொக்கியை ஏன் இடக்கை பூட்டியது என்று எல்லாம் அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துபோயிற்று. இத்தனை காலமும் மூன்று நான்கு பேர் அவனுக்குக் கயிறு பிடித்திருக்கிறார்கள். எல்லாரும் கட்டைவிரலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வழக்கப்படி அவர் இப்போது கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அவன் இறங்கக் கூடாது. அதில் ஐயமே இல்லை. ஆனால் இழுத்துக்கொண்டால் இரண்டாம் முறையாகவும் அதே சொல்லைச் சொன்னதாகும். வாய் திறந்து காரணத்தைச் சொன்னாலோ, பக்கத்தில் நிற்கிற மேடம் அதைக் கேட்பார். அவன் பிழைப்பு போகும். பேசாமல் விட்டால் அவனே போவான்.

நங்கூரம் கையை இழுக்கவில்லை. விரல்களை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"காய்ச்சல் வந்து எழுந்ததிலேருந்து" என்றான் பல்லி, அதைவிடத் தாழ்ந்த குரலில். "வரும், போகும். இன்னைக்குக் காலையில நல்லாத்தான் இருந்தது."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?"

"என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்?" மேடம் கிட்டே வந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இணைந்திருந்த இரு கைகளையும் பார்த்தார், இரு முகங்களையும் பார்த்தார். "யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

நங்கூரம் வாயைத் திறந்தார். அதற்குள் பல்லி முந்திக்கொண்டான்.

"கை மரத்துப் போகுது மேடம். வலது கை. வைப்பர் விழுந்தது காத்தால இல்லை."

மேடம் அவன் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்; ஒவ்வொரு விரலாலும் தம் உள்ளங்கையைத் தள்ளச் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இதை நான் எழுதித்தான் ஆகணும். தெரியும்ல?"

"தெரியும்."

"டாக்டர் பார்த்துச் சொல்றவரைக்கும் நீங்க இறங்க முடியாது. அதுக்கப்புறமும் எப்படின்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது." சற்று நிறுத்திச் சொன்னார்: "தள்ளி நிக்கணும்னு எழுதினது தப்பில்லை. அன்னைக்கு அது உயிரைக் காப்பாத்துச்சு. அது எதை மறைக்கும்னு அப்ப யோசிக்கலை. இன்னைக்கு வேலையை நிறுத்திடறேன்."

"நிறுத்த வேண்டாம்" என்றார் நங்கூரம். "நான் இறங்கறேன்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கடைசியாக விளிம்பைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"உங்க சான்றிதழ் இன்னும் செல்லுமா?" என்றார் மேடம்.

"போன மாசம்தான் புதுப்பிச்சேன். பிடிக்கிறவனும் இறங்கத் தெரிஞ்சிருக்கணும்னு விதி போட்டது நீங்கதானே."

"அது சரி. யார் பிடிப்பாங்க?"

"இவன்."

பல்லி தலையை வேகமாக ஆட்டி மறுத்தான். "வேண்டாம் சார். இந்தக் கையை வெச்சுக்கிட்டா?"

"இறங்கறதுக்குத்தான் கையில வலு வேணும். பிரேக் தானே பூட்டிக்கிற பிரேக். பிடியை விட்டா நிக்கும். விட்டுக்கொடுக்கத்தான் ஆள் வேணும். அதுக்கு இடது கை போதும், கவனம் வேணும். உனக்குக் கவனம் மரத்துப் போச்சா?"

மேடம் இதை வாய்ப்பேச்சாக ஏற்றுக்கொள்கிறவர் அல்லர். சோதனைக்கென்று வைத்திருந்த மணல் மூட்டையைக் காவல் கயிற்றில் கட்டச் சொன்னார். நீர்த்தொட்டி மேடையின் உள்பக்கமாக அதை உருட்டிவிட்டார். பல்லியின் இடக்கை பிரேக்கின் நெம்புகோலை விட்டது. மூட்டை சட்டென்று அந்தரத்தில் நின்றது. மறுபடியும் உருட்டினார், இம்முறை சொல்லாமல் உருட்டினார். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை, மெல்ல இறக்கச் சொன்னார். மூட்டை அதிராமல், அசையாமல், தொட்டில் பிள்ளையைப் படுக்க வைப்பதைப் போலத் தரையைத் தொட்டது.

"பக்கத்துலயே நான் நிப்பேன்" என்றார் மேடம். "என் கையும் கயித்துல இருக்கும். சம்மதம்னா இறங்கலாம்." சொல்லிவிட்டு, பதிவுகளைச் சரிபார்க்கிற சாக்கில் சற்றுத் தள்ளிப்போய் நின்றார். அது சாக்குத்தான் என்பது மூவருக்கும் தெரியும்.

பல்லி அவருடைய பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். வயிற்றருகே கொக்கி எட்டவில்லை.

"கொஞ்சம் மூச்சை இழுத்துக்கோங்க. உங்க அளவுக்கு இது தைக்கலை."

"உன் தங்கமான வாயை மூடிக்கிட்டு மாட்டு."

கொக்கி பூட்டியது. பல்லி நிமிரவில்லை. பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்னைக்கு ஏன் கையை இழுத்தீங்க?"

இந்தக் கேள்விக்கு நங்கூரம் இரண்டு ஆண்டுகளாகப் பல பதில்களை உருட்டி வைத்திருந்தார். எனக்கும் காய்ச்சல் இருந்தது, உனக்கு ஒட்டக் கூடாதென்று நினைத்தேன் என்பது அவற்றுள் அழகானது. அதில் பொய்யும் இல்லை. காய்ச்சல் இருந்தது உண்மை. ஆனால் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் பாதி உண்மை பாதி முடிச்சுக்குச் சமம்.

"எனக்கே சரியாத் தெரியலை" என்றார். "காய்ச்சல் இருந்தது. பயமும் இருந்தது. உன் மேல கோபமும் இருந்தது. எது கையை இழுத்ததுன்னு தெரியலை."

"மாமாவுக்கு நான்தான் நோயைக் கொண்டு போய்க் கொடுத்தேன்னு நினைச்சீங்க."

"நினைச்சேன்."

பல்லி பட்டையின் நுனியை வளையத்துக்குள் செருகினான்; சரியாக இருந்ததை எடுத்து மீண்டும் செருகினான்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றான். "இன்னைக்கும் நினைக்கிறேன். அதனாலதான் வந்து கேக்கலை. நீங்க சொன்னது சரிதான்னு ஒத்துக்கிட்டு ஒதுங்கிட்டேன்."

அவன் தம்மைத் தண்டிக்கிறான் என்று இவ்வளவு காலமும் நங்கூரம் எண்ணியிருந்தார். அவனோ, இவர் கொடுத்த தண்டனையை வீட்டுக்கு எடுத்துப்போய், தினமும் அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறான். மரத்துப்போகிற கையோடு அவன் விளிம்புக்கு அப்பால் போய்க்கொண்டிருந்ததில் அந்தத் தண்டனைக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்ற எண்ணம் தோன்றியது. அதைக் கேட்க அவருக்குத் துணிவில்லை.

"அப்பா அந்த வாரம் எல்லாரையும்தான் பார்த்தார்" என்றார் முடிவில். "பால் கொண்டு வந்தவன், பக்கத்து வீட்டுக்காரர், நான். யார்கிட்டேருந்துன்னு கடவுளுக்குத்தான் தெரியும். நானாவும் இருந்திருக்கலாம்."

பல்லி அதை ஏற்றுக்கொண்டானா என்பது தெரியவில்லை. ஒரு காலை நேரத்துப் பேச்சில் கரைந்துவிடக்கூடிய பாரம் அன்று அது.

நங்கூரம் கைப்பிடிச் சுவர் வரையில் நடந்தார். கீழே தெருவில் வண்டிகள் தீப்பெட்டிகளாக நின்றன. கூம்புகளுக்கு நடுவில் ரேடியோவின் மஞ்சள் சட்டை ஒரு பொட்டாகத் தெரிந்தது. பிறர் போவதையே பார்த்துப் பழகிய கால்களுக்குத் தாமே போவது மறந்துபோயிருந்தது. திரும்பினார். கையுறையைக் கழற்றிவிட்டு வலக்கையை நீட்டினார்.

இப்போது கொடுப்பதும் மறுப்பதும் பல்லியின் கையில் இருந்தது. அந்த இடத்தில் நிற்பவனுக்கே அந்த உரிமை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது. தம் கை அந்தரத்தில் நின்ற அந்த நேரத்தில், மருத்துவமனைப் பின்வாசலில் இவன் நின்றது எப்படியிருந்திருக்கும் என்பதை நங்கூரம் முதன்முறையாக அறிந்தார்.

பல்லி கையுறையை உருவினான். குளிர்ந்த, மடங்கத் தயங்கும் அந்த விரல்களால் அவர் கையைச் சுற்றினான். வலு போதாததால் இடக்கையையும் மேலே வைத்து மூடினான். அப்படி ஒரு வழக்கம் குழுவில் இதுவரை இருந்ததில்லை.

"வேர்க்குது" என்றான்.

"ரொம்ப நாளாச்சு, இறங்கி."

"நடுக்கம் இல்லை. வெறும் வேர்வைதான். இறங்கலாம்."

"போயிட்டு வரேன்" என்றார் நங்கூரம்.

பல்லி அவர் கையை உடனே விடவில்லை. அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பட்டதனால், மீண்டும் சொல்ல அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"இருக்கேன், மச்சான்."

நங்கூரம் சுவரைத் தாண்டினார். பலகை அவர் கனத்தில் முனகியது. ஒரு சாண் இறங்கினார். இடுப்பில் காவல் கயிறு ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண்; அதுவும் வந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. மேலே மேடத்தின் ஹெல்மெட்டும் பல்லியின் தலையும் விளிம்பில் தெரிந்தன. பின் கயிறு மட்டும் தெரிந்தது.

முதல் கண்ணாடிக்கு நுரை பூசினார். உள்ளே நீண்ட மேசையுள்ள அறை. ஏதோ கூட்டம் முடிந்திருந்தது போலும். கோட்டு அணிந்த ஒருவர் உள்ளங்கையை நீட்டினார். எதிரே இருந்தவர் கைமுட்டியை நீட்டினார். தவறு தெரிந்ததும் முதலாமவர் விரல்களை மடக்கினார். அதே நேரத்தில் மற்றவர் விரித்தார். இருவரும் சிரித்துக்கொண்டே மறுபடியும் மாற்றினார்கள், மறுபடியும் தவறிற்று. வெளியே தொங்கிக்கொண்டிருந்த நங்கூரம் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் ஒருவர் மற்றவரின் முட்டியைத் தம் உள்ளங்கையால் பொதிந்துகொண்டார். அதுவும் ஒரு வகைதான் என்று நங்கூரம் நினைத்தார். வைப்பரை இழுத்தார், நுரை விலகி அறை பளிச்சென்று ஆயிற்று.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அண்ணே, கீழேருந்து பார்த்தா பலகையில நீங்க உக்காந்திருக்கிற மாதிரி தெரியுது. என் கண்ணுல கோளாறா?"

"இல்லை."

"அப்ப மேல யாரு பிடிக்கிறது?"

நங்கூரம் அண்ணாந்து பார்த்தார். கயிறு வெயிலில் நேராக ஏறிப்போய் விளிம்பில் மறைந்தது. அதை ஒருமுறை இலேசாகச் சுண்டினார். மேலேயிருந்து, இடக்கையின் பழக்கமில்லாத தாளத்தில், ஒரு சுண்டு திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை" என்றார். "சாயங்காலம் அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். வீட்டுக்கு நேரமாகும்னு தங்கச்சிக்குச் சொல்லணும். அவ நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. நானே சொல்லவா?"

"வேண்டாம். நம்பரை மட்டும் கொடு. நான் கீழ வந்து பேசிக்கிறேன்."

"கீழ வாங்கண்ணே, தரேன்" என்று வாய் ஓயாத ரேடியோ மூன்றே சொற்களில் முடித்தாள். நங்கூரம் பலகையை இன்னும் ஒரு சாண் இறக்கினார்.